பச்சைத் தண்ணி சுடும்

காட்டூரில் வள்ளிக்கண்ணு குடியிருக்கும் தெருவில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வாயென்றால் வாய், அப்படியொரு வாய். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து காந்தி மார்க்கெட்டில் கீரை விற்றவள். லாரிச் சத்தத்துக்கும் ஏலச் சத்தத்துக்கும் மேலே தன் குரல் கேட்க வேண்டும் என்று பழகிப் போனவள். கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறவர்களிடம், "கீரை வாங்க வந்தியா, பேன் பாக்க வந்தியா?" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கூடுதலாக ஒரு கட்டு வாங்கிப் போவார்கள். கோபக்காரிதான், ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கும் என்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன ஆடியிலிருந்து அவளுக்கு வந்த கோபம் வேறு. அதிலும் நியாயம் இருந்தது. அதை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

எல்லாம் சித்திரையில் ஆரம்பித்தது. காலை வியாபாரம் களை கட்டும் நேரம். தகர டப்பாவில் கையை விட்டு முளைக்கீரைக் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கைக்காரி. சின்ன வயதில் அடித்தும் மாறவில்லை, திட்டியும் மாறவில்லை. அந்த இடது கை விரல்கள் திடீரென்று மரத்துப் போயின. அதே நேரத்தில் உதட்டின் இடது ஓரமும் மரத்தது. பக்கத்துக் கடை ராசாத்தியிடம் சொன்னபோது, "விரலுக்கும் உதட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்? வெத்தலையில சுண்ணாம்பு கூடிப் போயிருக்கும்" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் வள்ளிக்கண்ணுவின் இடது கால் துவண்டது. சாக்கின் மேல் அப்படியே சரிந்துவிட்டாள். மூட்டை தூக்கும் செபஸ்தியான்தான் ஓடி வந்து அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் எழுந்து நடந்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று, வார்டைச் சுற்றி வந்த ஒரு பெரிய டாக்டர் அடுத்த கட்டிலின் பக்கம் திரும்பிக்கொண்டே அவள் புருஷன் ரெங்கராஜிடம் ஒரு வாக்கியத்தை வீசிவிட்டுப் போனார். ரெங்கராஜ் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மின்விசிறிச் சத்தத்தில் காதில் விழுந்ததை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அது என்னவென்று வள்ளிக்கண்ணுவிடம்கூடச் சொல்லவில்லை.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் நன்றாகத்தான் இருந்தாள். மார்க்கெட்டுக்குக்கூடப் போக ஆரம்பித்துவிட்டாள். ஆடி பிறந்ததும் இடது கையில் ஒரு குறுகுறுப்பு வந்தது. ஓரிரு நாளில் அது எரிச்சலாயிற்று. வர மிளகாய் அம்மியில் அரைத்த கையை அடுப்பில் காட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. தோளிலிருந்து விரல் நுனி வரை, இடுப்பு, தொடை, கன்னம், பாதி உடம்பு முழுக்க. ஆனால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சிவப்பில்லை, கொப்புளமில்லை, வீக்கமில்லை. ஒரு நாள் கடையில் வழக்கம்போல தகர டப்பாவுக்குள் கையை விட்டவள், "ஐயோ!" என்று அலறி டப்பாவைத் தூக்கி வீசினாள். எதிரே நின்று கொத்தமல்லி பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாளின் தலை முழுக்கத் தண்ணீர்.

"எந்தப் படுபாவி வெந்நிய ஊத்தி வச்சது?" என்று கத்தினாள்.

ராசாத்தி குனிந்து கீழே சிந்திக் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தாள். "பச்சைத் தண்ணிக்கா. ஜில்லுனு இருக்கு."

"ஜில்லுனு இருக்கா? என் கை வெந்து போச்சுடி!"

பச்சைத் தண்ணி சுடுகிறது என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? காட்டூரில் ஒரு டாக்டர் கையை முறுக்கிப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஆள் கையைத் தொடக்கூட இல்லை. மருமகனோடு சண்டையா, மனதில் ஏதாவது கவலையா என்று கேட்டார். "கவலைக்கு இடது பக்கம் மட்டும் எரியுமாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

டாக்டர்கள் கைவிட்டதும் சொந்தபந்தம் கையில் எடுத்துக்கொண்டது. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே முடிவுக்கு வந்தார்கள்: உடம்புச் சூடு. எரிகிறது என்றால் சூடு, சூடு என்றால் குளிர்ச்சி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரெங்கராஜ் ஈரத் துண்டைப் பிழிந்து கையில் போட்டார். ராசாத்தி சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். கரூரில் கட்டிக்கொடுத்த மகள் மகாலட்சுமி, "ஐஸ் வைம்மா" என்று போனில் சொன்னாள். சொன்னதைக் கேட்டு ரெங்கராஜ் ஐஸையும் துணியில் கட்டிக்கொண்டு வந்து, தூங்குகிறவளின் தோளில் வைத்தார். அடப்பாவி மனுஷா! அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அவர்கள் குளிர்ச்சி செய்யச் செய்ய அவளுக்கு எரிச்சல் ஏறியது. எரிச்சல் ஏற ஏற அவள் கத்தினாள். அவள் கத்தக் கத்த, "பாத்தியா, சூடு தலைக்கு ஏறிடுச்சு" என்று மறுபடியும் ஈரத் துண்டோடு வந்தார்கள். ஈரத் துண்டைக் கண்டாலே அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். தன் வீட்டில் தனக்கு இப்படி ஒரு கதியா என்று வெந்து போனாள்.

கட்டியிருக்கும் சேலையே எதிரியாயிற்று. முந்தானை இடது தோளில் விழுந்து கையில் உரசுகிறது அல்லவா, அந்த உரசலே தாங்கவில்லை. முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். "யாரு இது, சேட்டு வீட்டம்மாவா?" என்று பூக்கடைப் பக்கம் ஒருவன் கேட்டான். அவனுடைய மூன்று தலைமுறையையும் இழுத்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். இடது கை வளையலைக் கழற்றி வைத்தபோது வேறு மாதிரிப் பிரச்சினை வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ரெங்கராஜின் தங்கை பிரேமலதா அதைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே வளையலக் கழட்டுறீங்களே அண்ணி" என்று மூக்கைச் சிந்தினாள். எரிகிறவள் ஒருத்தி, அழுகிறவள் இன்னொருத்தி.

ஒரே ஒரு விஷயம் மட்டும் வள்ளிக்கண்ணுவுக்கு மாறாமல் இருந்தது. கொத்தமல்லிக் கட்டை முகத்தருகே கொண்டுபோனால் வாசம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. புதினா புதினாவாக மணத்தது. தண்ணீர் பொய் சொல்லிற்று, துணி பொய் சொல்லிற்று, காற்றுகூடப் பொய் சொல்லிற்று. வாசம் மட்டும் சொல்லவில்லை. அது ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமலதா வந்திருந்தாள். கூடத்தில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணுவின் காதில் எல்லாம் விழுந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரியில டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"சின்ன அடைப்புன்னாரு." ரெங்கராஜ் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், தாமஸ் அடிச்சிருக்குன்னாரு."

"தாமஸா?"

"அப்படித்தான் சொன்னாரு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. படிச்ச டாக்டரே சொல்லும்போது நாம என்ன சொல்றது?"

வள்ளிக்கண்ணுவின் கையிலிருந்த கத்தி நின்றது.

தாமஸை அவளுக்கு நன்றாகத் தெரியும். செபஸ்தியானின் அண்ணன். அவனும் மூட்டை தூக்கியவன்தான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வெங்காய லாரியிலிருந்து இறங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் கடைக்கு எதிரிலேயே உட்கார்ந்தான். "தண்ணி" என்றான். அவள் கீரைக்கு வைத்திருந்த தண்ணீரைத்தான் அள்ளி அவன் வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கடைவாயில் வழிந்தது. அவ்வளவுதான், உயிர் போய்விட்டது.

கூடத்தில் ரெங்கராஜ் இந்தக் கதையைச் சொன்னதும் பிரேமலதா தொடையில் தட்டினாள். "பாத்தீங்களாண்ணே! தாகத்தோட செத்தவன். தண்ணி கேட்டு வந்து இவங்க மேல உக்காந்திருக்கான். அதான் தண்ணி பட்டதும் துள்ளுறாங்க!"

எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள். இத்தனை மாதமாக வள்ளிக்கண்ணு தொண்டை கிழியச் சொன்னது எவருக்கும் பொருந்தவில்லை, இது உடனே பொருந்திவிட்டது. பிரேமலதா கோயிலிலிருந்து கையோடு கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து, சமையல்கட்டு வாசலில் நின்று அவள் மேல் வீசியே விட்டாள். வள்ளிக்கண்ணு நிலைப்படியில் முட்டிக்கொண்டு விழுந்தாள். அன்றைக்கும் மறுநாளும் பாயிலிருந்து எழ முடியவில்லை. "அவன் பலசாலி, ஒரு செம்புக்கெல்லாம் போக மாட்டான்" என்று பிரேமலதா அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னாள்.

குறி சொல்கிற ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவளை உட்காரவைத்து, காவிரித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்ற வேண்டுமாம்.

"எத்தனை குடம்?" என்று வள்ளிக்கண்ணு கேட்டாள்.

"அவன் போறேன்னு சொல்ற வரைக்கும்" என்றாள் பிரேமலதா.

ஒரு செம்புக்கே இரண்டு நாள் செத்துப் பிழைத்தவள். மார்கழித் தண்ணீர், குடம் குடமாக, அவள் வாயிலிருந்து இன்னொருத்தன் பேசும் வரைக்கும்! ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை யாராவது நம்பியாக வேண்டும், அதுவும் அந்த வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், ஊற்றுவார்கள். அவள் சத்தம் போட்டால் அது தாமஸின் சத்தம் என்பார்கள்.

கேவலம் என்னவென்றால், அவளுக்கே ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டது. கடையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தாமஸ் விழுந்த இடத்தைப் பார்த்து, "நீயாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள். கேட்ட மறுநிமிஷம் தன் மேலேயே கோபம் வந்து, இருந்த கறிவேப்பிலையை எல்லாம் உதறி உதறிக் கட்டினாள்.

மார்க்கெட்டில் சங்கதி பரவாமல் இருக்குமா? பரவி, செபஸ்தியான் காதுக்கும் போயிற்று. சில நாளாக அவன் அவள் மூட்டையைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் நேராக வந்து கடைமுன் நின்றான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, எங்கண்ணன் பேய்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே. குடும்பத்தோட."

"நான் சொல்லலடா. வீட்டுல சொல்றாங்க."

"யாரு சொன்னா என்ன? அவன் வாயில கடைசியா தண்ணி ஊத்துனது நீதான்க்கா. கல்லறைக்குப் போனா இன்னைக்கும் எங்கம்மா உனக்கும் சேத்துதான் ஜெபம் பண்ணுது. அவன் உன்ன அடிப்பானா?"

"டாக்டரே சொன்னாராம்டா. தாமஸ் அடிச்சிருக்குன்னு."

"எந்த டாக்டர்?"

"ஆஸ்பத்திரியில."

செபஸ்தியானுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த டாக்டருக்கு எங்கண்ணனத் தெரியுமாக்கா? எங்கண்ணன் பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

வள்ளிக்கண்ணு வாயடைத்துப் போனாள். அவள் வாயடைத்து நின்றதை மார்க்கெட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அட, ஆமாம்! சின்னக் குழந்தை கேட்கிற கேள்வி. ரெங்கராஜுக்குத் தோன்றவில்லை, பிரேமலதாவுக்குத் தோன்றவில்லை, இத்தனை வாய் பேசுகிற தனக்கும் தோன்றவில்லையே!

"ராசாத்தி, கடையப் பாத்துக்க" என்றாள். வீட்டுக்குப் போய், பீரோ மேல் கிடந்த ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு, துணைக்கு யாரையும் கூப்பிடாமல் அதே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அன்றைக்கு நரம்பு டாக்டராக உட்கார்ந்திருந்தவர் பெயர் கமருன்னிசா. வள்ளிக்கண்ணு உள்ளே போனதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. படத்தை மேஜைமேல் போட்டு, "தாமஸ் யாருங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தாமஸ்?"

"அதத்தான் நான் கேக்கறேன். என்ன தாமஸ் அடிச்சதா இங்க ஒருத்தர் சொன்னாராம்."

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை இறக்கி வைத்துவிட்டு, இத்தனை மாதத்தில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அம்மா, பச்சைத் தண்ணி பட்டா உங்களுக்கு எப்படி இருக்கு?"

வள்ளிக்கண்ணு இடது கையை மேஜைமேல் நீட்டினாள். "சுடுது" என்றாள். "சத்தியமா சுடுதுங்க. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"சுடத்தான் செய்யும். நான் நம்பறேன்."

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் இரண்டு கையையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது கையில் பஞ்சு பட்ட இடம் சரியாகத் தெரியவில்லை, எரிச்சல் மட்டும் தெரிந்தது. முதன்முதலில் எங்கே மரத்தது என்று கேட்டபோது, விரலும் உதட்டோரமும் என்றாள். டாக்டர் அதை எதிர்பார்த்தவர் மாதிரித் தலையசைத்தார். படத்தில் நட்டநடுவே உளுந்து அளவுக்கு ஒரு புள்ளியைக் காட்டினார்.

"அது தாமஸ் இல்லம்மா. தாலமஸ். தா, ல, மஸ். மூளையில ஒரு இடத்தோட பேரு. ரொம்ப உள்ள, ரெண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒண்ணா, சின்ன முட்டை மாதிரி ரெண்டு இருக்கும். உங்களுக்கு வலது பக்கத்து முட்டைக்குப் போற ஒரு மெல்லிசான ரத்தக் குழாய் அடைச்சிடுச்சு."

"வலது பக்கமா? எனக்கு எரியறது இடது பக்கம்ங்க."

"இடது கையில பட்ட சேதி முதுகுத்தண்டு வழியா ஏறும்போதே வலது பக்கத்துக்குத் தாண்டிடும். அப்புறம் நேரா இந்தத் தாலமஸுக்கு வரும். தாலமஸ் ஒரு ஜங்ஷன் மாதிரி…"

"எனக்கு மார்க்கெட்தாங்க தெரியும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "சரி, மார்க்கெட்னே வச்சுக்கங்க. கண்ணுல பாக்கறது, காதுல கேக்கறது, தோல்ல படறது, எல்லாச் சரக்கும் முதல்ல இங்க வந்துதான் இறங்கும். கண்ணு சரக்குக்குப் பின்னால ஒரு இடம். காதுச் சரக்குக்கு அதுக்குப் பக்கத்துல ஒரு இடம். தோல் சரக்குக்கு அடிப்பக்கமா ஒரு தனி இடம். அங்கங்க பிரிச்சு, மேல மூளையில எங்க போகணுமோ அங்க அனுப்பும். தோலுக்கான இடத்துல முகமும் கையும் பக்கத்துப் பக்கத்துக் கடை. உங்களுக்கு அந்த ரெண்டு கடைக்கும் நடுவுலதான் அடி. அதான் விரலும் உதடும் ஒண்ணா மரத்துச்சு."

ராசாத்தி சிரித்தது ஞாபகம் வந்தது. விரலுக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தமாம்! வள்ளிக்கண்ணு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இப்ப அந்தக் கடை கெட்டுப் போச்சு" என்று டாக்டர் தொடர்ந்தார். "குளிர்ச்சின்னு வந்த சரக்க நெருப்புன்னு சீட்டு ஒட்டி மேல அனுப்புது. சரக்கே வராதபோதும் அனுப்புது. உங்க கையில ஒரு கோளாறும் இல்ல. அதனாலதான் கையப் பாத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா வலி நிஜம். மேல மூளைக்கு அது நிஜ நெருப்புதான்."

"கோவம் வந்தா ஜாஸ்தியாகுதுங்களே?"

"ஆகும். தாலமஸ்லேர்ந்து மேல போற நரம்ப விட, மேலேர்ந்து இங்க இறங்கி வர்ற நரம்பு அதிகம். எத விடு, எதப் பிடின்னு மேலேர்ந்து உத்தரவு வந்துகிட்டே இருக்கும். கோவம், பயம், பழைய ஞாபகம் எல்லாத்துக்கும் இங்க தொடர்பு இருக்கு."

வள்ளிக்கண்ணு கொஞ்சம் யோசித்தாள். "கொத்தமல்லி வாசம் மட்டும் மாறலங்க. அது எப்படி?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மூக்கு மட்டும்தாம்மா இங்க வந்து இறங்காம மூளைக்கு வேற வழியா நேரா போகுது. அதனால அதுக்கு ஒண்ணும் ஆகல."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது உடைந்தது. அழுகை என்று டாக்டர் நினைத்தார். அழுகை இல்லை, கோபம். "இத சித்திரையிலேயே எங்க வீட்டுக்காரர்கிட்ட நின்னு நிதானமா சொல்றதுக்கு உங்க ஆளுங்களுக்கு வாய் வலிச்சுதா? கழுத்தத் திருப்பிக்கிட்டுச் சொல்லிட்டுப் போனாராமே ஒருத்தர்! அந்த ஒத்த வார்த்த புரியாம என்ன ஐஸுல படுக்க வச்சானுங்க. மஞ்சத் தண்ணிய ஊத்துனானுங்க. செத்துப்போன ஒரு நல்ல மனுஷனப் பேயாக்கிட்டானுங்க!"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கமருன்னிசா குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகு, "தப்புதாம்மா" என்றார். "சொல்லியிருக்கணும்." மாத்திரை எழுதினார். மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது, பச்சைத் தண்ணீர் பக்கமே போகக் கூடாது, வெதுவெதுப்பாகத்தான் குளிக்க வேண்டும் என்றும் சொன்னார். வள்ளிக்கண்ணு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "தா, ல, மஸ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ரெங்கராஜ் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"டாக்டரம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா பிரேமா நேந்துகிட்டா. ஒரே ஒரு தடவ ஊத்திடுவோமே. ரெண்டும் நடக்கட்டுமே."

வள்ளிக்கண்ணு கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கினார். அவள் கத்தவில்லை. "சரி, வர்றேன்" என்றாள். அவருக்கு அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் அம்மா மண்டபம் மார்கழிக் கூட்டத்தால் நிறைந்திருந்தது. குளித்து எழுந்தவர்கள் ஈரத்தோடு கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரமாகச் சிலர் இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேமலதா இரண்டு குடம் கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத் தானே முங்கி நிறைத்து அண்ணன் கையில் கொடுத்தாள். "உக்காருங்க அண்ணி" என்றாள்.

வள்ளிக்கண்ணு உட்காரவில்லை. இரண்டு படி மேலே நின்றபடி புருஷனைப் பார்த்தாள்.

"ஊத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். செத்துப்போன தாமஸ் அடிச்சான்னு காதுல விழுந்துச்சு, உடனே நம்பிட்டீங்க. மறுகேள்வி கேக்கல. உசுரோட உங்க பக்கத்துல படுத்திருக்கறவ ஆடியிலேர்ந்து எரியுது எரியுதுன்னு கத்தறேன். அத நம்பல. செத்தவன் சொல்லாததுக்கு இருக்கற மரியாத, இருக்கறவ சொல்றதுக்கு இல்லையா?"

ரெங்கராஜ் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அண்ணி, நேர்ந்தத மாத்தக் கூடாது" என்றாள் பிரேமலதா.

"நீ நேந்தது. உன் தலையில ஊத்திக்க." வள்ளிக்கண்ணு மறுபடி புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, உனக்கு எப்படி எரியுது வள்ளின்னு கேட்டீங்களாங்க?"

குடம் அவர் இடுப்பில் தளும்பியது. பிரேமலதா ஏதோ சொல்ல வந்தாள், அவர் கையமர்த்தினார். குடத்தைப் படியில் வைத்துவிட்டு, ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி எரியுது வள்ளி?"

அவள் சொன்னாள். மிளகாய் அரைத்த கையை அடுப்பில் காட்டுவதைச் சொன்னாள். முந்தானை பட்டால் எப்படி, காற்று பட்டால் எப்படி, அவர் ஐஸ் வைத்த அன்று எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் திட்டவும் செய்தாள். ரெங்கராஜ் தலையைக் குனியாமல் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஐஸ நானே வச்சேனே" என்றார்.

"ஆமா, வச்சீங்க" என்றாள். அதை அவள் லேசாக்கிப் பேசவில்லை.

வலது கையால் குடத்தைச் சாய்த்து, தண்ணீர் தன் மேல் தெறிக்காதபடி காவிரியிலேயே ஊற்றினாள். "தாமசண்ணே, உன் பேர அநியாயமா இழுத்துட்டாங்க. உன் தம்பி வருத்தப்படறான். மனசுல வச்சுக்காத" என்றாள். பக்கத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பிரேமலதா வெறுங்குடங்களோடு, முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். வள்ளிக்கண்ணுவுக்கு உட்கார இடம் கிடைத்தது, ஆனால் இடது பக்கம் ஆட்கள் நிற்கும் நடைவழி. குளித்துவிட்டு ஏறிய ஈர வேட்டிகளும் ஈரத் துண்டுகளும் நெருக்கிக்கொண்டு வந்தன. ரெங்கராஜ் அவள் இடது பக்கம் வந்து நின்றார். அவள் மேல் படாமல் ஒரு சாண் இடம் விட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முதுகால் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டார். பாலத்தில் ஏறும்போது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. யாரோ ஒருவரின் ஈரத் துண்டு அவள் தோளுக்கு மேல் வந்து தொங்கியது.

"யோவ், தள்ளி நில்லுய்யா!" ரெங்கராஜ் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை கேள்வி கேட்காத மனுஷன், கட்டின நாளிலிருந்து அவள் கேட்டிராத குரல். "அவளுக்கு இந்தப் பக்கம் எரியும்! பச்சைத் தண்ணி பட்டா சுடும்!"

துண்டுக்காரர் பதறி நகர்ந்தார். "அடடா, என்னங்க ஆச்சு அவங்களுக்கு?"

ரெங்கராஜ் ஒரு நொடி நிறுத்தி, வாய்க்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்துக்கொண்டு, "தாலமஸ்" என்றார்.

"யாரு, தாமஸா?" என்றார் துண்டுக்காரர்.

வள்ளிக்கண்ணு வலது கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை வலது தோளில் இழுத்துப் போட்டாள். முழுத் தொண்டையையும் திறந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தாமஸ் இல்லய்யா, காதக் குடு, சொல்றேன்" என்று ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள்.